மாடு இருந்தும் பால்மா ஏன்?

கேள்வி: எங்கட ஊர்ல இவ்வளவு மாடு நிக்குது, பிறகேன் நியூசிலாந்து பால்மா? நாலு மாட்டோட பண்ணை போட்டா தப்பலாமா?
– செங்கலடி வாசகர்

பதில்: மாடு நிக்கிறது வேற, பால் வேற தம்பி. பட்டியில நிக்கிற நாட்டு மாடு கண்டுக்குட்டி குடிச்சது போக ஒரு நாளைக்கு ஒரு லீட்டர், ரெண்டு லீட்டர் தந்தாலே பெரிய விஷயம், அதுவும் பெரும்போக நெல் விதைப்பு தொடங்கினா வயல் பக்கம் விடேலாது, மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்க்கணும், அந்த மேய்ச்சல் தரைக்காகத்தான் 2023ல பண்ணையாளர் சித்தாண்டியில றோட்டோரம் குந்திப் போராடினவங்க. காட்டில கறந்த பால் வெயில்ல திரிஞ்சா வாங்க வாறவர் திருப்பிடுவார். நாட்டுத் தேவையில பாதிகூட உள்ளூர்ப் பால் இல்ல, அதான் டொலர் தட்டுப்பட்ட நேரம் பால்மாக்கு கியூவில நிண்டம். ஜேர்சிக் கலப்பு மாடு நல்லாக் கறக்கும், ஆனா நாட்டு மாடு அளவுக்கு நம்மட வெயில் தாங்காது, நிழல்ல கட்டிப் புல்லு வெட்டிப் போடணும். ரெண்டு மாட்டோட தொடங்குங்க, அதுக்கு முதல் புல்லு நடுங்க. மிஞ்சிற பாலை முட்டியில தயிராப் போடுங்க, அதுக்கு எப்பவும் ஆள் இருக்கு.