எக்செல்ல ஒரு விடை, பைத்தான்ல வேற விடை... தீசிஸ்ல எதைப் போடுறது?

கேள்வி: நான் பயோடெக்ல பிஎச்டி பண்றேன். 2, 4, 4, 4, 5, 5, 7, 9னு எட்டு ரீடிங். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எக்செல்ல 2.138 வருது, பைத்தானோட நம்பை (NumPy) லைப்ரரில போட்டா கரெக்டா 2 வருது. எந்த சாஃப்ட்வேர் தப்பு? கைடு கேட்டா என்ன சொல்றது?

பதில்: ரெண்டுமே தப்பில்லம்மா. சராசரி 5, ஒவ்வொரு ரீடிங்கும் அதுலேர்ந்து எவ்ளோ தள்ளியிருக்குன்னு எடுத்து ஸ்கொயர் பண்ணி கூட்டுனா 32 வரும், அதை எட்டால வகுத்து ரூட் எடுத்தா 2, ஏழால வகுத்து எடுத்தா 2.138, அவ்ளோதான். நம்பை நாம எதுவும் சொல்லலைன்னா எட்டால வகுக்கும், எக்செல்லோட எஸ்டிடெவ்.எஸ் (STDEV.S) ஃபார்முலா, ஆர் (R)ங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர், பைத்தானோட இன்னொரு லைப்ரரியான பாண்டாஸ் (pandas) எல்லாம் ஏழால வகுக்கும். பாண்டாஸ் நம்பை மேலயே கட்டுனது, ஆனா டீஃபால்ட் வேற, இதுல நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. உங்களோடது சாம்பிள், அதாவது எல்லாத்தையும் அளக்காம எடுத்த ஒரு பகுதி, அதனால எண்ணிக்கையில ஒண்ணு கொறைச்சு ஏழுதான், நம்பைல ddof=1னு குடுங்க, எல்லாம் ஒத்துப்போகும்.

ஆனா சாஃப்ட்வேரே நிஜமா சொதப்புன காலமும் உண்டு. 2003க்கு முன்னாடி எக்செல்ல எண்களை அப்படியே ஸ்கொயர் பண்ணிக் கூட்டிட்டு, சராசரியோட பங்கை அப்புறமா கழிக்கிற ஷார்ட்கட் ஃபார்முலாதான் இருந்துச்சு. 100000001, 100000002, 100000003னு மூணு எண் எடுங்க, பாத்தாலே தெரியும் விடை 1னு. முதல் எண்ணோட ஸ்கொயர் 10000000200000001, மொத்தம் 17 இலக்கம், கம்ப்யூட்டர் சாதாரணமா 15, 16 இலக்கம்தான் முழுசா வச்சுக்கும், கடைசி 1 அங்கயே காணாமப் போயிடும், ஆனா நமக்கு வேண்டிய விடையே அந்தக் கடைசி இலக்கங்கள்லதான் இருக்கு. எக்செல் 2003ல சரி பண்ணிட்டாங்க, ஆனா லேப்ல சீனியர்ஸ் கைமாத்தி விட்டுப்போற ஸ்கிரிப்ட்ல இந்த ஃபார்முலா இருக்கான்னு கண்டிப்பா பாருங்க.

எப்படி செக் பண்றது? விடை முன்னாடியே தெரிஞ்ச டேட்டாவை ஓட்டிப் பாக்குறதுதான் என்னைப் பொறுத்தவரை ஒரே நம்பகமான வழி. அமெரிக்காவோட தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் (NIST) இதுக்குன்னே டேட்டாசெட் ஃப்ரீயா வச்சிருக்காங்க. அதுல நம்அக்4 (NumAcc4)னு ஒண்ணு, 1001 எண், எல்லாமே ஒரு கோடியை ஒட்டி இருக்கும், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 0.1. உங்க ஸ்கிரிப்ட்ல ஏழெட்டு இலக்கம் வரைக்கும் ஒத்துப்போனா கவலைப்படாதீங்க, முதல் ரெண்டு மூணு இலக்கத்துலயே ஆடுச்சுன்னா அதைத் தூக்கிப் போட்டுடுங்க.

பயோடெக்ங்கிறதால இன்னொண்ணு, ஜீன் லிஸ்ட்டை எக்செல்ல நேரா ஓப்பன் பண்ணாதீங்க, மார்ச்1ங்கிற ஜீனைத் தேதியா மாத்திடும், இந்தத் தொல்லைனாலயே 2020ல அந்த மாதிரி ஜீன்களுக்குப் பேரையே மாத்துனாங்க, ஆனா பழைய ஃபைல்ல பழைய பேருதான் இருக்கும். ஜீன் பேர் இருக்குற நெடுவரிசையை டெக்ஸ்ட்டுன்னு சொல்லி இம்போர்ட் பண்ணுங்க.

கைடுகிட்ட 2.138னு சொல்லுங்க, மெத்தட்ஸ்ல எதால வகுத்தீங்கன்னும் சாஃப்ட்வேர் வெர்ஷன் என்னன்னும் எழுதிடுங்க. வெர்ஷன் சும்மா ஃபார்மாலிட்டி இல்ல, 2019ல ஆர் 3.6.0 வந்தப்போ ரேண்டமா சாம்பிள் எடுக்குற முறையையே மாத்துனாங்க, அதே கோடு, அதே சீட் (seed, ரேண்டம் தேர்வைத் தொடங்கி வைக்கிற எண்) குடுத்தாலும் பழைய வெர்ஷன்ல வந்த சாம்பிள் புதுசுல வராது.