மாவுச்சத்தைக் குறைத்தால் முதுகு இறுக்கம் குறையுமா? – கேள்வி பதில்

ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் (சுருக்கமாக ஏஎஸ்; முதுகுத்தண்டை இறுக்கும் மூட்டுவாதம்) உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு, மூட்டுவாதக்காரர்களுக்கு உணவுத் திட்டம் வகுத்துத் தரும் உணவியல் நிபுணரின் பதில்கள்.

மேடம், எனக்கு 28 வயது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு இடுப்பு வலியில் விழிப்பு வந்துவிடும். எழுந்து நடந்தால் குறையும். எச்எல்ஏ-பி27 மரபணுச் சோதனை பாசிட்டிவ். அரிசியை விட்டால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

"சரியாகிவிடும்" என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு இறுக்கம் குறையலாம். செய்து பார்க்கலாம், ஆனால் முறையாகச் செய்து பார்க்க வேண்டும்.

இந்த யோசனை பிறந்த இடம் லண்டன். ஏஎஸ்-க்கும் பி27 மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 1973-இல் தெரியவந்தது. அதன் பிறகு அங்கே ஆலன் எப்ரிங்கர் என்ற ஆய்வாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். குடலில் வாழும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் புரதத்தில் ஒரு துண்டு, பி27-இன் ஒரு துண்டைப் போலவே இருக்கிறது. பாக்டீரியாவை அடிக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், ஆள்மாறாட்டத்தில் சொந்த மூட்டையும் அடிக்கிறது என்பது அவர் வாதம். சிறுகுடலில் செரிக்காமல் தப்பி, பெருங்குடலுக்குப் போகும் மாவுச்சத்துதான் அந்த பாக்டீரியாவுக்குத் தீனி. ஆகவே ரொட்டி, உருளைக்கிழங்கு, பாஸ்தா, கேக்கைக் குறைத்து, மீன், இறைச்சி, காய், பழத்தைக் கூட்டச் சொன்னார். அவர் குழு 1996-இல் வெளியிட்ட கட்டுரையில், இப்படிச் சாப்பிட்டவர்களுக்கு இஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்கியதாகச் சொல்லப்பட்டிருந்தது.

குறையும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமான உணவு சாப்பிட்ட நோயாளிக் குழு அதில் இல்லை. கிளெப்சியெல்லாவைப் பற்றிப் பின்னால் வந்த ஆய்வுகளும் ஒருமித்துச் சொல்லவில்லை. அதனால்தான் மூட்டுவாத மருத்துவர்களின் வழிகாட்டு நெறிகளில் இந்த உணவு இடம்பெறவில்லை. குடலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதில் மட்டும் இப்போது பெரிய சண்டை இல்லை. ஏஎஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வயிற்றில் எந்தத் தொந்தரவும் தெரியாமலே குடலில் நுண்ணிய அழற்சி இருக்கிறது.

எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு). நானும் செய்யலாமா?

இந்தக் கணக்கு முழுக்க பி27-ஐயும் முதுகுத்தண்டையும் சுற்றி எழுந்தது. ருமட்டாய்டுக்கு அதை அப்படியே தூக்கிப் போட முடியாது. உங்களுக்கு மீன், நல்லெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய், காய்கறி, கொஞ்சம் பருப்பு, முழுதானியம் என்ற வழி பொருத்தம். கவுட் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சோற்றைக் குறைத்த இடத்தில் ஈரல், நெத்திலி, மத்தி என்று நிரப்பினால் யூரிக் அமிலம் ஏறி, கால் கட்டைவிரல் வீங்கி நிற்கும்.

அரிசியை நிறுத்தி கேழ்வரகு, கம்பு, தினைக்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு மாற்றமும் இல்லையே?

எப்படி இருக்கும்? 100 கிராம் அரிசியில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. கேழ்வரகு, கம்பு, சாமை, தினையில் 55 முதல் 65 கிராம். நார்ச்சத்து கூடுதல், சர்க்கரை மெதுவாக ஏறும். அதெல்லாம் நீரிழிவுக்கு நல்ல செய்தி. மாவுச்சத்துக் கணக்கில் நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். கோதுமை, ஓட்ஸ், அவல், சேமியா, ஜவ்வரிசி எல்லாம் ஒரே சாதி. துவரை, உளுந்து, கடலைப்பருப்பிலும் எடையில் 40 முதல் 50 சதவீதம் மாவுச்சத்துதான். "சோறு வேண்டாம், இரண்டு கிண்ணம் கெட்டி சாம்பார் மட்டும்" என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? எப்படித் தொடங்குவது?

காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசி என்றால் நாளொன்றுக்கு 250 கிராம் மாவுச்சத்தை எளிதில் தாண்டும். சிறிய இட்லி ஒன்றில் 8–10 கிராம், ஒரு கப் (150 கிராம்) சோற்றில் சுமார் 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். சாப்பிடுவதையும் வலியையும் எழுதி மட்டும் வையுங்கள். மூன்றாவது வாரம் இரவு உணவில் மாவுச்சத்தை எடுத்துவிடுங்கள், நான்காவது வாரம் காலையிலும். ஐந்தாவது வாரம் மதியச் சோற்றை அரைக் கப்புக்குக் கொண்டுவந்து, ஆறாவது வாரம் அதையும் நிறுத்துங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்கள் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் என்று நான்காம் நாளே திரும்பிவிடுகிறார்கள். முழுசாகக் குறைத்த பிறகு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தாக்குப்பிடித்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

சோற்றின் இடத்தில் 200–250 கிராம் காலிஃபிளவரைத் துருவி, மூடாமல், தண்ணீர் ஊற்றாமல் ஐந்து நிமிடம் வதக்குங்கள். மூடினால் நீர்விட்டுக் குழைந்து, குழம்பு ஊற்றியதும் கஞ்சியாகிவிடும். புடலை, பீர்க்கை, சுரை, கோவைக்காய், வெள்ளைப்பூசணி, முட்டைக்கோஸ், கத்தரி, கீரை எல்லாம் தாராளமாகச் சேரலாம். பட்டாணி, சோளம், வாழைக்காய், பலாக்கொட்டை, எல்லா வகைக் கிழங்கும் வெளியே. வாழைப்பழம் வேண்டுமானால் தோலில் கரும்புள்ளி விழுந்தது. காய்வெட்டாக இருந்தால் உள்ளே பாதி மாவுதான்.

எங்கட வீட்டில காலையில புட்டு, இரவில இடியப்பம். குரக்கன் மாவில செய்தா பிழையில்லையோ? ஒடியல் கூழ்? (யாழ்ப்பாணம்)

குரக்கன் என்பது கேழ்வரகுதான், மேலே சொன்ன பதில் அதற்கும் பொருந்தும். ஒடியல் பனங்கிழங்கைக் காயவைத்தது, ஏறக்குறைய முழுக்க மாவு. கூழில் போடும் மீன், நண்டு, இறால், கீரையை எடுத்துக்கொண்டு ஒடியல் மாவை விட்டுவிடலாம். தேங்காய்ப்பாலே போதிய கெட்டி தரும். சொதிக்கும் சம்பலுக்கும் தடையில்லை.

அயோடின் சோதனை என்று ஒன்று சொல்கிறார்களே, அதை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடின் கரைசல் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, நசுக்கிய உணவின் மேல் இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து உண்டு. பழுப்பாகவே நின்றால் இல்லை, அல்லது மிகக் குறைவு.

தவறாகக் காட்டும் இடங்கள் நான்கு. உணவு சூடாக இருந்தால் நிறம் வராது, ஆறவையுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்திருந்தால் வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும். ஒட்டும் பசையரிசி நீலத்துக்குப் பதில் செம்பழுப்பு காட்டும், அதைப் பார்த்து "இல்லை" என்று ஏமாற வேண்டாம். மஞ்சள்தூள் பட்ட குழம்பு எப்போதும் கறுக்கும், ஏனென்றால் மஞ்சளே மாவு நிறைந்த கிழங்கு. அரைத் தேக்கரண்டி மஞ்சளுக்காகப் பதற வேண்டியதில்லை. இந்தச் சோதனை இருக்கிறதா என்று சொல்லுமே ஒழிய எவ்வளவு என்று சொல்லாது. சோதித்த உணவைக் கொட்டிவிடுங்கள், வாயில் வைக்கக் கூடாது.

இதை வைத்துப் பிடிக்க வேண்டியவை கண்ணில் படாத மாவுகள்: கூட்டுப்பெருங்காயத்தில் மைதா, ரசப்பொடியில் துவரம்பருப்பு, ஓட்டல் சட்னியில் பொட்டுக்கடலை, சிக்கன் 65-இல் சோளமாவு, குருமாவில் முந்திரி. ஆம், முந்திரியில் மாவுச்சத்து கணிசம். பாதாமில் இல்லையென்றே சொல்லலாம்.

சுத்த சைவம் நாங்கள். முட்டையும் இல்லை. சோறும் பருப்பும் போனால் என்னதான் சாப்பிடுவது?

இந்த உணவில் மிகக் கடினமான நிலை உங்களுடையதுதான். 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50–60 கிராம் புரதம் வேண்டும். பருப்பு போன இடத்தை சோயா நிரப்பும். முற்றிய சோயாவில் மாவுச்சத்து மிகக் குறைவு, மற்ற பயறுகளைப் போல அல்ல. பனீர் 100 கிராம் (18 கிராம் புரதம்), சோயா உருண்டை காய்ந்த எடையில் 25 கிராம் (12–13), டோஃபு 100 கிராம் (சுமார் 10), தயிர் 200 கிராம் (6–7), பாதாம் 25 கிராம் (5). கூட்டினால் 50-ஐத் தாண்டும். வைட்டமின் பி12, டி இரண்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஏஎஸ் எலும்பையும் மெலியவைக்கும் நோய்.

எடை ஏற்கெனவே குறைவாக இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, வளரும் பிள்ளை என்றாலோ இந்தச் சோதனையே வேண்டாம்.

பழைய சோறு குடலுக்கு நல்லது என்கிறார்களே, அதையாவது சாப்பிடலாமா?

ஆறி ஊறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. பொதுவாக அது நல்லது, பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். ஆனால் எப்ரிங்கர் கணக்குப்படி நீங்கள் தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான். சோதனைக் காலத்தில் தொடாதீர்கள். மற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு நாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் மோசம்.

"பரவாயில்லை போல" என்பது அளவீடு இல்லை. வாரம் ஒரு நாள், அதே கிழமை, பாஸ்டாய் (ஏஎஸ் எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் கேள்விப் பட்டியல்) மதிப்பெண் போடுங்கள். ஆறு கேள்வி, ஒவ்வொன்றும் 0 முதல் 10: (1) அசதி, (2) கழுத்து, முதுகு, இடுப்பு வலி, (3) மற்ற மூட்டுகளில் வலி, வீக்கம், (4) தொட்டால் நோகும் இடங்கள், (5) காலை இறுக்கத்தின் கடுமை, (6) அது எவ்வளவு நேரம் (இரண்டு மணி நேரமோ மேலோ என்றால் 10). கடைசி இரண்டின் சராசரியை முதல் நான்கோடு கூட்டி 5-ஆல் வகுக்க வேண்டும். 4-ம் அதற்கு மேலும் என்றால் நோய் தீவிரமாக இருக்கிறது. 2 புள்ளியாவது இறங்கி, அங்கேயே நின்றால் கவனிக்கத்தக்க மாற்றம்.

அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஆர்பி-யைத் தொடக்கத்திலும், முழுசாகக் குறைத்த பிறகு பன்னிரண்டாவது வாரத்திலும் ஒரே லேபில் பாருங்கள். ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராம் போடும், இன்னொன்று டெசிலிட்டருக்குப் போடும். 12 என்பது 1.2 ஆகத் தெரிந்ததும் நோயே போய்விட்டது என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான். ரத்தசோகை இருந்தால் இஎஸ்ஆர் தன்பாட்டுக்கு ஏறி நிற்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம். சிலருக்கு நோய் தீவிரமாக இருக்கும்போதே சிஆர்பி சாதாரணமாக இருக்கும்.

எடையையும் குறித்து வையுங்கள். ஐந்தாறு கிலோ இறங்கினாலே சிஆர்பி இறங்கலாம். அப்போது பலன் மாவுச்சத்தாலா, எடையாலா என்று பிரிக்க முடியாது. இந்த மூன்று மாதத்தில் புது மாத்திரை, புது யோகா வகுப்பு, புது கஷாயம் எதையும் சேர்க்காதீர்கள். மருத்துவர் மருந்தை மாற்றினால் மருந்துக்கே முதலிடம், உணவுக் கணக்கை மறுபடி தொடங்கலாம்.

என் கணவர் இந்த உணவில் நன்றாக இருக்கிறார். இரண்டு வாரம் ஒருமுறை போடும் ஊசியை நிறுத்திவிடலாம் என்கிறார். அதோடு, மாத்திரைகளில்கூட ஸ்டார்ச் இருக்கிறதாமே?

வேண்டாம் அம்மா. வலி குறைவதும் எலும்பு ஒட்டுவது நிற்பதும் ஒன்றல்ல. வலி அடங்கியிருக்கும்போதே தண்டுவட எலும்புகள் மெல்ல இணைந்துகொண்டே போகலாம். நிறுத்தினால் பலருக்கு சில மாதங்களில் நோய் திரும்புகிறது. இடைவெளியைக் கூட்டலாமா என்று மூட்டுவாத மருத்துவரிடம் கேட்கலாம், அவர் சொன்னால் செய்யலாம்.

மாத்திரையில் கட்டிப் பிடிக்கச் சேர்க்கும் மாவு ஒரு கிராம்கூட வராது. அதைச் சொல்லி மருந்தை நிறுத்துவது வெறும் சாக்கு. உணவைவிட உறுதியான சான்று உள்ளவை தினசரி உடற்பயிற்சியும் புகையை விடுவதும். அவர் புகைப்பவராக இருந்தால் அரிசியை விட்டுவிட்டு சிகரெட்டைத் தொடர்வதில் அர்த்தமே இல்லை.

இந்த நோய் கண்ணையும் தாக்கலாம். ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை நோயும் இருக்கிறது. இரட்டை லாபம்தானே?

லாபம்தான், மருந்தளவைச் சரிசெய்தால். கிளிமெப்பிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் எடுப்பவர்கள் பழைய அளவிலேயே தொடர்ந்து சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் உடனே மருத்துவமனை. முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு தட்டை மாற்றுங்கள். இன்னொன்று, லண்டன் முறை பழத்தையும் சர்க்கரையையும் தடுக்கவில்லை. அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது.

மலச்சிக்கல்?

ஒவ்வொரு வேளையும் 200 கிராம் காய், ஒரு நாளைக்கு இரண்டு கொய்யா, போதிய தண்ணீர். போதாவிட்டால் இரவில் இசப்கோல் ஒரு தேக்கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீரோடு.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. மதிப்பெண் 5.8-இல் இருந்து 3.1. இனி வாழ்நாள் முழுக்க சோறே இல்லையா?

அதை முடிவுசெய்ய ஒரு படி பாக்கி. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஏழு நாள் மதியம் ஒரு கப் வெள்ளைச் சோறு, வடித்த சூட்டோடு சாப்பிடுங்கள். அந்த வாரமும் அடுத்த வாரமும் மதிப்பெண் போடுங்கள். ஏறாவிட்டால் ஒரு கப் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது, வைத்துக்கொள்ளலாம். அடுத்ததாகப் பருப்பு, அதற்குப் பிறகு இட்லி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். ஏதோ ஒன்றில் ஏறினால் அதை நிறுத்தி, பழைய மதிப்பெண்ணுக்கு வந்ததும் இன்னொரு முறை சேர்த்துப் பாருங்கள். இரண்டாம் முறையும் ஏறினால்தான் அந்த உணவின் மேல் பழி போடலாம். எல்லாவற்றையும் சேர்த்தும் 3.1-லேயே நின்றால், உங்களுக்குப் பலன் தந்தது வேறு ஏதோ. தாராளமாகச் சோற்றுக்குத் திரும்புங்கள்.