கேள்வி–பதில்: கொயோட்டியும் கான்சஸ் காற்றும்

கேள்வி: நண்பரின் மாட்டுப் பண்ணையில் கன்று ஈனும் பருவத்தில் கொயோட்டி என்னும் சிறிய ஓநாய் போன்ற விலங்கின் தொல்லை. மேட்டில் இருந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் 400, 500 கெஜத்தில் நிற்கின்றன. அதற்கு மேல் நெருங்க விடுவதில்லை. கடைக்காரர் .22-250 தோட்டா சுடும் ரைஃபிள் வாங்கச் சொல்கிறார், நண்பர் 6.5 கிரீட்மூர் தோட்டா சுடுவதை வாங்கச் சொல்கிறார். நான் இதுவரை உதை மிகக் குறைந்த சின்னத் தோட்டாவான ரிம்ஃபயர் .22 மட்டுமே சுட்டிருக்கிறேன். ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும். எது?
– வாசகர், விச்சிட்டா, கான்சஸ்

பதில்: உங்கள் கடைக்காரர் சொல்வதைத்தான் நானும் முதலில் வாங்கினேன். .22-250 அருமையான தோட்டா. .250 சாவேஜ் என்ற தோட்டாவின் கழுத்தை (குண்டு செருகும் முனையை) நெருக்கித் துப்பாக்கிப் பித்தர்கள் வீட்டுப் பட்டறையில் செய்துகொண்டிருந்ததை, 1965-ல் ரெமிங்டன் கடைச் சரக்காக்கியது. 55 கிரெய்ன் குண்டு நொடிக்கு 3,680 அடி வேகத்தில் கிளம்பும். (7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு, குண்டு எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) 300 கெஜம் வரை கணக்கே போட வேண்டாம், நெஞ்சைப் பார்த்து விசையை அழுத்தினால் போதும் என்று தோன்றும். அந்த மிதப்பில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு பிப்ரவரிக் காலை, மேற்கு கான்சஸில். கொயோட்டி 430 கெஜத்தில், பக்கவாட்டில் நின்றது. தூரத்தை லேசர் கருவியில் அளந்துவிட்டேன், குண்டு எவ்வளவு தாழும் என்பதும் தெரியும். நான் படுத்திருந்ததோ ஓடைக்கரை மறைவில். கன்னத்தில் காற்றே படவில்லை. எதிர்ச்சரிவில் புல் சாய்ந்து கிடந்ததை ஸ்கோப்பில் பார்த்தும் மனதில் வாங்கவில்லை. குண்டு நெஞ்சை விட்டு விலகிப் பின்தொடையில் பட்டது. அதைத் தேடிப் பிடித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குண்டு தாழ்வதைக் கருவியும் அட்டவணையும் சொல்லிவிடும். காற்றை நீங்கள்தான் கணிக்க வேண்டும், அதில் தப்பு வராமல் இருக்காது. அதனால் என் கணிப்பு தவறினாலும் அதிகம் விலகாத குண்டு எது என்று பார்க்கத் தொடங்கினேன். தோட்டாப் பெட்டியில் பி.சி. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். காற்றைக் கிழித்துப் போகும் திறன் அது. நான் சுட்ட 55 கிரெய்ன் குண்டுக்கு .255. 6 மி.மீ. கிரீட்மூர் என்ற தோட்டாவில் வரும் 108 கிரெய்ன் நீளக் குண்டுக்கு .536. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 400 கெஜத்தில் முதலாவது ஏறக்குறைய ஒன்றரை அடி தள்ளிப்போகும்; இரண்டாவது 10 அங்குலத்துக்குள் நிற்கும். இத்தனைக்கும் இரண்டாவது கிளம்பும் வேகம் 2,960 அடிதான்.

இப்போது 10 மைல் காற்றை 7 என்று கணித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். 55 கிரெய்ன் குண்டு ஐந்து அங்குலம் தவறும், மற்றது மூன்று. குளிர்காலத்துக் கொயோட்டி பெரிதாகத் தெரியும், பாதி ரோமம். உள்ளே இருப்பது பெரும்பாலும் 25, 35 பவுண்டு உடம்பு. உயிர்நிலை (இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம்) ஆறேழு அங்குலம், அவ்வளவே. நடுவைக் குறிவைத்தால் மூன்று அங்குலத் தவறு அதற்குள் அடங்கும். ஐந்து அடங்காது.

ஆகவே உங்கள் தூரத்துக்கு என் தேர்வு 6 மி.மீ. கிரீட்மூர். நண்பர் சொல்லும் 6.5 கிரீட்மூரின் கழுத்தைக் குறுக்கியதுதான் அது. 6.5-ம் காற்றில் நன்றாக நிற்கும், ஆனால் உதை கூடுதல். சுட்ட கணத்தில் துப்பாக்கி துள்ளி ஸ்கோப்பில் வானம் தெரிந்தால் குண்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. தெரியாவிட்டால் இரண்டாவது குண்டைத் திருத்திச் சுட முடியாது. ரிம்ஃபயரில் இருந்து வருகிற உங்களுக்கு உதை குறைவாக இருப்பது இன்னும் நல்லது, விசையை இழுக்கும்போது கண்ணைச் சிமிட்டும் பழக்கம் தொற்றாது.

.243 வின்செஸ்டரும் அதே 6 மி.மீ. குண்டுதான். 1955-ல் வந்தது, எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். வாங்கும் முன் குழலின் முறுக்கை மட்டும் கேளுங்கள். குண்டு நீளமாக நீளமாக அதை வேகமாகச் சுழற்ற வேண்டும், இல்லாவிட்டால் தள்ளாடும். .243 குழல்கள் பல 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அவற்றில் 108 கிரெய்ன் நீளக் குண்டை நம்பாதீர்கள், 87 கிரெய்ன் பிளாஸ்டிக் முனைக் குண்டு நன்றாகப் போகும். கிரீட்மூர் குழல்கள் பெரும்பாலும் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றோ அதைவிட நெருக்கமோ. பழைய .22-250-களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கனமான குண்டு போட்டுச் சமாளிக்கலாம் என்ற யோசனை அங்கே பலிக்காது.

எந்தக் குண்டானாலும் பட்டதும் சிதறும் ரகமாக வாங்குங்கள். முழுக்க உலோக உறை போட்டவை துளைத்துக்கொண்டு போய்விடும், தரையில் பட்டால் தெறிக்கும். தோலை விற்கும் எண்ணம் இருந்தால் 6 மி.மீ. போடும் ஓட்டை உங்களுக்குப் பிடிக்காது. கன்றைக் காப்பது நோக்கமென்றால் அது கவலையில்லை.

ரைஃபிள் பெயரில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். டிக்கா, ஹோவா, சாவேஜ், பெர்காரா, எல்லாமே போதும். போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் ரகம்) எடுங்கள். மிச்சம் பிடிக்கும் காசை ஸ்கோப்பிலும் தூரம் அளக்கும் கருவியிலும் போடுங்கள். ஸ்கோப்பின் திருகை ஏற்றி இறக்கினால் பழைய இடத்துக்கே சரியாகத் திரும்ப வேண்டும்; அது இல்லாத ஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டினாலும் வீண்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. 500 கெஜம் எதற்கு? பக்கத்துப் பண்ணைக்காரர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், ‘நீ போகாதே, அதை வர வை’ என்பது. (இங்கே பெரியவர்கள் கொயோட்டியை ‘கையோட்’ என்று முடித்துவிடுவார்கள். முதல் முறை கேட்டபோது எதைக் கையோடு கொண்டுபோகச் சொல்கிறார் என்று விழித்தேன்.) அடிபட்ட முயல் கத்துவது போல ஊதலில் ஊதினால் மேட்டில் நின்றது சுற்றிக்கொண்டு வரும், அதுவும் நம் வாடை பிடிக்கக் காற்று போகும் திசையாகத்தான் வரும். அந்தப் பக்கம் திறந்த வெளியாக இருக்கும்படி உட்காருங்கள். நான் சுட்டதில் பெரும்பாலானவை 200 கெஜத்துக்குள். காகிதத்தில் 400 கெஜத்தில், காற்று வீசும் நாளில், முதல் குண்டே ஆறு அங்குல வட்டத்துக்குள் விழும்வரை அந்தத் தூரத்தில் உயிரை நோக்கிச் சுடாதீர்கள். பின்னால் மண்மேடு இல்லாமல் வானம் தெரிந்தால் எந்தத் தூரத்திலும் சுடாதீர்கள். கன்று ஈனும் மேய்ச்சலில் மாடு எங்கே படுத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: மான் வேட்டைக்கு வாங்கிய 6.5 கிரீட்மூர் இருக்கிறது. கொயோட்டிக்காகத் தனியாக ஒன்று தேவையா?
– வாசகர், லிங்கன், நெப்ராஸ்கா

பதில்: வேண்டாம். மேலே உதையைப் பற்றி முனகியது புதிதாக வாங்குபவருக்கு. கையில் பழகிய துப்பாக்கிதான் நல்ல துப்பாக்கி. அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ரைஃபிள் வாங்கலாமா?
– வாசகி, டல்லஸ், டெக்சஸ்

பதில்: கூட்டாட்சிச் சட்டப்படி உங்கள் வகை விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே பொதுவாகத் தடை உண்டு. விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருப்பது. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும், அலமாரியில் இருக்கும் துப்பாக்கி அன்றே குற்றமாகிவிடும். நண்பரின் ரைஃபிளைச் சும்மா வாங்கிச் சுட்டுப் பார்ப்பதற்கும் இதே விதிதான். பலருக்கு இது தெரியாது. டெக்சஸில் 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்விப் பாடம் உண்டு. முதலில் அதை முடியுங்கள், பிறகு உரிமம், அப்புறம்தான் கடை. அங்கே நிரப்பும் 4473 படிவத்தில் விசா நிலையைக் கேட்பார்கள். உரிமத்தையும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) எண்ணையும் எடுத்துக்கொண்டு போங்கள். குடியேற்ற விண்ணப்பம் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.