கூகுள் ஷீட்ஸில் பங்கு விலை தானாக மாற என்ன செய்ய வேண்டும்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கையில் உள்ள என்எல்சி பங்கின் விலையைத் தினமும் தட்டச்சு செய்யாமல், அதுவே ஷீட்டில் மாற வழி உண்டா?

உண்டு, செலவும் இல்லை. கட்டத்தில் சமக்குறி போட்டு, 'கூகுள்ஃபைனான்ஸ்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி அடியுங்கள். அடைப்புக்குறிக்குள் இரட்டை மேற்கோளிட்டு, 'என்எஸ்இ' (தேசியப் பங்குச் சந்தையின் சுருக்கப் பெயர்), முக்காற்புள்ளி, 'என்எல்சிஇந்தியா' என்று ஆங்கில எழுத்திலேயே சேர்த்தெழுதினால் விலை வந்துவிடும். சந்தைப் பெயரை விட்டுவிடாதீர்கள். விட்டால் எந்தச் சந்தை என்பதைக் கூகுளே ஊகித்துக்கொள்ளும். பக்கத்துக் கட்டங்களில் எண்ணிக்கையும் வாங்கிய விலையும் இருந்தால், லாப நட்டம் வெறும் கழித்தலும் பெருக்கலும்தான்.

ஆனால் இதை 'நேரலை' என்று நம்பிவிட வேண்டாம். விலை 20 நிமிடம் வரை பிந்தி வரலாம். அடைப்புக்குறிக்குள், முதல் மேற்கோளுக்குப் பின் காற்புள்ளி போட்டு, இன்னொரு இரட்டை மேற்கோளுக்குள் 'டேட்டாடிலே' என்று (இதுவும் ஆங்கிலத்தில்தான்) சேர்த்தால் எவ்வளவு தாமதம் என்பதையே காட்டும். மாலை 3.30க்குச் சந்தை மூடிய பிறகு கணக்குப் பார்ப்பவருக்கு இது தாராளம். அன்றன்றே வாங்கி விற்பவர் தரகு நிறுவனத்தின் செயலியைத் திறந்து வைத்துக்கொள்வதே நல்லது.

எக்செலிலும் பங்கு விலைக்குத் தனி வசதி உண்டு; அதற்கு மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவோ இலவச மைக்ரோசாஃப்ட் கணக்கோ வேண்டும்.