குதிகாலில் எடுத்த ரத்தம், மறுபடியும் ஒருமுறை

கேள்வி: என் மகன் 34 வாரத்தில் சிசேரியனில் பிறந்தான். எடை 1.9 கிலோ. வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதற்காகப் பிறந்த மறுநாளே குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துவிட்டார்கள். ‘17-ஓஎச்பி அதிகம், டிஎஸ்எச்சும் கொஞ்சம் அதிகம், திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும்’ என்று இப்போது போன் வந்திருக்கிறது. இன்று எட்டாம் நாள். நன்றாகவே பால் குடிக்கிறான். ‘பிள்ளை கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், இன்றே போங்கள். ஆனால் குழந்தைக்கு நோய் என்று முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். எந்தக் குழந்தையை மறுபடி பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே இந்தச் சோதனை சொல்லும்.

முதலில் டிஎஸ்எச், அதாவது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன். தைராய்டு குறைந்தால் இது கூடும். ஆனால் வயிற்றின் கதகதப்பிலிருந்து வெளியே வந்ததும் எந்தக் குழந்தைக்கும் அரை மணி நேரத்துக்குள் அது சரேலென்று ஏறும். பிறகு இரண்டு மூன்று நாட்களில் இறங்கும். 48 முதல் 72 மணி நேரத்தில் ரத்தம் எடுக்கச் சொல்வது அதனால்தான். மறுநாளே எடுத்தால் அந்த ஏற்றத்தின் மிச்சம் ரிப்போர்ட்டில் தெரியலாம். சிசேரியனின்போது அயோடின் மருந்தால் துடைத்திருந்தாலும் சில நாட்கள் கூடுதலாகக் காட்டும்.

17-ஓஎச்பி, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் தயாரிக்கும்போது நடுவில் உண்டாகும் பொருள். குறைமாதக் குழந்தையிடம் அதை மாற்றும் நொதிகள் இன்னும் முழுதாகத் தேறியிருக்காது. மூச்சுத்திணறல் போன்ற சிரமம் இருந்தால் இன்னும் தேங்கும். அதனால் வாரத்தையோ எடையையோ வைத்துத்தான் அளவுகோல் பார்ப்பார்கள். ரத்தம் எடுத்து அனுப்பும் அட்டையில் 34 வாரம், 1.9 கிலோ, பிறந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் எல்லாம் நிரப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தக் கட்டங்கள் காலியாகவே போவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது லேப் உங்கள் பிள்ளையை நிறைமாதக் குழந்தையாக எண்ணிவிடும். ரத்தம் ஏற்றியிருந்தாலோ, நரம்பு வழியாக ஊட்டச்சத்து கொடுத்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள்.

பிறகு ஏன் அவசரம்? இது நிஜமாகவே அட்ரினல் கோளாறாக இருந்தால், உடலில் உப்புச்சத்து இறங்குவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தை ஒட்டித்தான். பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பைப் பார்த்தே சந்தேகம் வரலாம். ஆண் குழந்தையிடம் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் 17-ஓஎச்பியோடு சோடியம், பொட்டாசியமும் இன்றே பார்த்துவிடட்டும். இடையில் வாந்தி, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, எடை குறைவது என்று ஏதாவது கண்டால், இரவானாலும் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தைராய்டு குறைபாடு உறுதியானால் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்குவது மூளை வளர்ச்சிக்கு நல்லது. இப்போது டிஎஸ்எச் சரியாக வந்தாலும், குறைமாதக் குழந்தைகளுக்கு அது தாமதமாக ஏறுவதுண்டு. இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இன்னொரு முறை பார்க்க இப்போதே தேதி வாங்கிவிடுங்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: சில சொட்டு ரத்தம்தான். குத்தும்போது மார்போடு அணைத்துப் பால் கொடுத்தால் அழுகையும் குறையும்.