‘போடு’ போட்டது போதும்

கேள்வி: தேர்தல் பற்றி ஓர் ஆங்கில நாளிதழுக்குக் கடிதம் எழுதினேன். ‘புட் மை வோட்’ என்று எழுதியதை ‘காஸ்ட்’ ஆக்கிவிட்டார்கள். ‘வன் ஓவர் ஹிஸ் ரைவல்’, ‘கேவ் தி ஓத்’ (பதவிப் பிரமாணம் பற்றி எழுதியது), ‘கமிஷன் கண்டக்டட் தி எலெக்‌ஷன்’ எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறார்கள். சொல்ல வந்தது புரிந்தால் போதாதா? எந்தச் சொல்லோடு எந்த வினை சேரும் என்று ஒரு பட்டியலாவது கொடுங்களேன்.

பதில்: புரியவில்லை என்பதுதானே சிக்கல்! ‘வன் ஓவர் ஹிஸ் ரைவல்’ என்றால் போட்டியாளரைத் தோற்கடித்தார் என்று அர்த்தமில்லை. அவரைப் பேசித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று அர்த்தம். அரசியலில் அதுவும் நடக்கிறதுதான், ஆனால் நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல. தமிழில் தேர்தலையும் வெல்லலாம், எதிரியையும் வெல்லலாம். ஆங்கிலத்தில் ‘வின்’ என்பது தேர்தலுக்கும் தொகுதிக்கும் பெரும்பான்மைக்கும்தான். ஆளுக்கு ‘பீட்’ அல்லது ‘டிஃபீட்’.

உங்கள் ‘புட்’ எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. ‘போடு’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு நாம் ஓட்டுப் போடுகிறோம், கூட்டம் போடுகிறோம், தீர்மானம் போடுகிறோம், தடை போடுகிறோம், வரி போடுகிறோம், வழக்குப் போடுகிறோம், சட்டமும் போடுகிறோம். இத்தனை வேலையையும் முகம் சுளிக்காமல் செய்கிற வினைச்சொல் ஆங்கிலத்தில் கிடையாது. கூட்டத்துக்கு ‘ஹோல்ட்’. தீர்மானத்துக்கு ‘பாஸ்’ அல்லது ‘அடாப்ட்’. தடைக்கு ‘இம்போஸ்’, அப்புறம் மனம் மாறினால் ‘லிஃப்ட்’. வரிக்கு ‘லெவி’, வழக்குக்கு ‘ஃபைல்’. சட்டத்துக்கு ‘எனாக்ட்’, அதை நீக்குவதற்கு ‘ரிபீல்’. ‘கேன்சல்’ செய்வதற்குச் சட்டம் என்ன ரயில் டிக்கெட்டா?

ஓட்டுக்கு ‘காஸ்ட்’. அந்த வினைக்கு எறிவது என்று பொருள். ‘பேலட்’ என்ற சொல்லே சிறு உருண்டையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான். உருண்டையைப் போட்டு வாக்களித்த காலம் ஒன்று இருந்தது. இன்று பட்டனை அழுத்துகிறோம், வினை மட்டும் மாறவில்லை. இதில் தர்க்கம் தேடாதீர்கள். தேர்தலில் ‘நிற்கிறார்’ என்று நாம் சொல்வது பிரிட்டனில் செல்லும், அங்கேயும் ‘ஸ்டேண்ட்’தான். அமெரிக்காவில் அதே வேட்பாளர் ‘ரன்’, அதாவது ஓட வேண்டும்.

‘டேபிள்’ கதை இன்னும் மோசம். ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டனில் அதை விவாதத்துக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவில் அதைக் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது ஓர் ஆவணத்தை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ‘டேபிள்’ செய்வோம் என்றார்கள். அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்றார்கள். நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று தெரிந்ததாம். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ‘புரிந்தால் போதாதா’ என்று அவரிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம் நீங்கள்.

வினையை மாற்றினால் அதிகாரமே கை மாறும். 1787 ஆகஸ்ட் 17 அன்று பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சாசன வரைவை விவாதித்துக்கொண்டிருந்தார்கள். போரை ‘மேக்’ செய்யும், அதாவது நடத்தும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு என்று வரைவில் இருந்தது. அங்கே கூடிய பிரதிநிதிகளில் மேடிசனும் ஜெர்ரியும் அதை ‘டிக்ளேர்’, அதாவது அறிவிப்பது என்று மாற்றச் சொன்னார்கள். திடீரென்று யாராவது தாக்கினால் தடுக்க வேண்டிய அதிபர் சட்டமன்றம் கூடும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது என்பது காரணம். மாற்றம் ஏற்கப்பட்டது. அந்த நாட்டுச் சட்டமன்றமான காங்கிரஸ் கடைசியாகப் போரை முறைப்படி ‘டிக்ளேர்’ செய்தது 1942 ஜூனில். கொரியாவும் வியட்நாமும் அதற்குப் பிறகு வந்தவை. அங்கே நடந்த சண்டைக்கு வேறு வேறு வினைகள் கிடைத்தன.

‘இம்பீச்’சும் இப்படித்தான். பதவியைப் பறிப்பது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்க அதிபர் விஷயத்தில் அது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டுவது மட்டுமே. பதவி போக வேண்டுமென்றால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868இலும், கிளின்டன் 1998இலும், டிரம்ப் 2019இலும் 2021இலுமாக இரண்டு முறையும் ‘இம்பீச்’ ஆனார்கள். யாருக்கும் அதனால் பதவி போகவில்லை.

சரி, பட்டியலுக்கு வருவோம். தர மாட்டேன். மனப்பாடம் செய்வீர்கள், மறப்பீர்கள், மறுபடி ‘புட்’டுக்கே வருவீர்கள். அகராதியில் வினையைத் தேடுவதை விட்டுவிட்டு ‘வோட்’, ‘பேன்’ (தடை), ‘ஓத்’ போன்ற பெயர்ச்சொற்களைத் தேடுங்கள். அவை யாரோடு பழகுகின்றன என்று எடுத்துக்காட்டு வாக்கியங்களிலேயே தெரிந்துவிடும். பிரமாணம் எடுப்பவருக்கு ‘டேக்’ என்றும் செய்து வைப்பவருக்கு ‘அட்மினிஸ்டர்’ என்றும் அங்கேதான் இருக்கிறது. தமிழில் எடுப்பவரையும் செய்து வைப்பவரையும் நீங்கள் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ‘கிவ்’?

‘கண்டக்ட்’ விஷயத்தில் நான் உங்கள் கட்சி. தேர்தலை நாடு ‘ஹோல்ட்’ செய்யும், பிரிட்டனில் பிரதமர் ‘கால்’ செய்வார், பொறுப்பேற்று நடத்திக் கொடுக்கிற ஆணையம் ‘கண்டக்ட்’ செய்யும். இந்திய அரசியல் சாசனத்தின் 324ஆவது பிரிவில் இருப்பதும் அந்தச் சொல்தான். 1961ஆம் ஆண்டு விதிகளின் பெயரே ‘கண்டக்ட் ஆஃப் எலெக்‌ஷன்ஸ் ரூல்ஸ்’. அந்த ஒரு திருத்தத்துக்காக மட்டும் நாளிதழோடு நீங்கள் தாராளமாகச் சண்டை போடலாம். அதற்கு வினை ‘பிக்’. ‘புட்’ அல்ல.