ஐரோப்பாவில் வெவ்வேறு நாட்டுச் சுவடி நூலகர்கள் தங்கள் வேலை முறைகளை எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள்?

மாநாடு, பயிற்சி எல்லாம் உண்டு. 1971-இல் தொடங்கிய லிபர் என்ற நூலகச் சங்கத்தில் சுவடி நூலகர்களுக்கென்றே ஒரு குழு இருந்தது. செர்ல் என்ற கூட்டமைப்பு, வேறு நாட்டு நூலகத்தில் போய் வேலை பழக உதவித்தொகை தருகிறது. ஆனால் கூடிப் பேசியதைவிட, ஒரே வேலையைச் சேர்ந்து செய்தபோதுதான் அதிகம் கைமாறியிருக்கிறது என்பேன்.

ஒரு சின்ன விஷயம் பாருங்கள். இடைக்காலச் சுவடி என்பது தோல் தாள்களை மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகித் தைத்த கட்டுகள். நாலு தாளை மடித்தால் எட்டு ஏடு. ஜெர்மன் பட்டியலில் இதற்கு ரோமன் எண்ணில் நாலு என்று எழுதுவார்கள், தாள் கணக்கு. இங்கிலாந்தில் கட்டின் வரிசை எண்ணுக்கு மேலே பொடியாக 8 போடுவார்கள், ஏட்டுக் கணக்கு. பழக்கமில்லாதவர் படித்தால் கட்டு பாதியாகிவிடும்! இப்படி ஆளுக்கொரு முறை இருக்க, 1999-இல் தொடங்கிய மாஸ்டர் திட்டத்தில் கோபன்ஹேகன், பிராக், பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு ஆட்கள் சேர்ந்து சுவடி விவரிப்புக்குப் பொதுவான கணினிப் படிவம் ஒன்றை உருவாக்கினார்கள். கட்டமைப்பு, எழுதியவரின் கையெழுத்து, யாரிடமிருந்து யாரிடம் போனது என ஒவ்வொன்றுக்கும் தனி இடம். நூல்களைக் கணினியில் பதிவதற்கென 2007-இல் வந்த டிஇஐ என்ற பொது விதிமுறையில் அது ஒரு அத்தியாயமாகவே சேர்ந்தது.

அப்புறம் சினாய் சுவடி, 4-ஆம் நூற்றாண்டு கிரேக்க பைபிள். லண்டனில் 347 ஏடு, லைப்சிக்கில் 43, மிச்சம் சினாய் மடத்திலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும். யாருக்குச் சொந்தம் என்ற பழைய மனத்தாங்கல் இருந்தும் 2005-இல் நாலு தரப்பும் கையெழுத்திட்டு, தோலில் தெரியும் நரம்புத் தடத்தையும் மை உதிர்ந்த இடத்தையும் எல்லோரும் ஒரே மாதிரி பதிவு செய்ய ஒத்துக்கொண்டது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகப் படுகிறது. பக்கங்களைச் சாதாரண ஒளியில் எடுத்ததோடு விடாமல் பக்கவாட்டு ஒளியிலும் படம் எடுத்தார்கள். எழுதுவதற்கு முன் கீறிய கோடுகளின் பள்ளம் அதில்தான் பளிச்சென்று தெரியும். 2009-இல் இணையத்தில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது.

நம் சுவடிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பாரிஸ் தேசிய நூலகத்திலும் ஹாம்பர்க் நூலகத்திலும் இருக்கும் தமிழ் ஓலைச்சுவடிகளை 2019-இல் தொடங்கிய பிரெஞ்சு-ஜெர்மன் திட்டம் ஒன்று இதே டிஇஐ படிவத்தில்தான் விவரித்தது. பாயிரம், தனிப்பாடல், எழுதி முடித்தவர் கடைசியில் போட்டுவைத்த குறிப்பு, இவைதான் அவர்கள் முதலில் தேடியது.